சித்திக்குப் பூசிய நிறம்

நம் வயதுப் பெண்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியாவது மே மாத லீவுக்குப் போய்விடுகிறது. ஐஸ் வண்டி, உப்பு மிளகாய்த்தூள் போட்ட மாங்காய், கேபிள் டிவி, பென்சிலை விட்டுச் சுற்றிய கேசட் என்று ஆளுக்கொன்றைச் சொல்லி உச்சுக்கொட்டுகிறோம். நாற்பதை நெருங்கிவிட்டோம், தலைக்கு டை அடிக்கிறோம், அப்படித்தான் இருக்கும். அந்தப் பேச்சில் நான் மட்டும் எழுந்து போய்விடுவதாக உங்களில் ஒருத்தி போன வாரம் குறைப்பட்டுக்கொண்டாள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது மாங்காய் அல்ல, ஒரு வாடை. முட்டை வெள்ளைக்கரு, பிளீச், மல்லிகைப்பூ, டீசல், வேர்வை எல்லாம் ஒன்றாகக் கலந்த வாடை. இன்றைக்கும் ஏதாவது கல்யாண வீட்டில் மணப்பெண் அறைப் பக்கம் போனால் எனக்குக் குமட்டுகிறது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கும் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா சிங்கப்பூரில் வேலையாக இருந்தார். வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தங்கை மூன்று பேர்தான். அம்மாவின் தங்கையை நான் சித்தி என்று கூப்பிடுவேன். அவளுக்கு இருபத்தேழு வயது. பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையில் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு வரம்பு நிற்கும். சின்னக் கத்தியால் அதைச் சீவி, ஈரப் பஞ்சால் ஒற்றி, வரம்பு இருந்த இடமே தெரியாமல் பண்ண வேண்டும். அதுதான் அவள் வேலை. சோறு கொடுக்கப் போகும்போது பார்த்திருக்கிறேன். அங்கே வேலை செய்த எல்லாப் பெண்களுக்கும் முழங்கை வரை களிமண் காய்ந்து வெள்ளையாக இருக்கும். சித்தி ஞாயிற்றுக்கிழமைகூட ஓவர்டைம் போவாள். சலித்துக்கொண்டு போனதாக நினைவில்லை.

சித்தியின் இடது காதுக்குக் கீழே, கழுத்தில், கொய்யா இலை அகலத்துக்கு ஒரு வெள்ளை இருந்தது. வலது புறங்கையில் சிதறினாற்போல இன்னும் நாலைந்து. அந்தப் பங்குனியில் உதட்டோரமாக மிளகு அளவில் புதிதாக ஒன்று வந்தது. வீட்டில் அதைத் தேமல் என்பார்கள். யாராவது கேட்டாலும் தேமல், மருந்து போடுகிறோம் என்பாள் அம்மா. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்குவதையும், வேறு பேச்சுக்குத் தாவுவதையும் கவனித்திருந்தேன். தேமலுக்கு யாரும் குரலை இறக்க மாட்டார்கள் என்பது பதினோரு வயதில் தெரியாதா?

குழாயடியில் பக்கத்து வீட்டு அக்காதான் எனக்கு விளக்கம் சொன்னாள். அது குஷ்டத்தில் ஒரு வகை, வெள்ளைக் குஷ்டம், கிட்டே படுத்தால் ஒட்டிக்கொள்ளும், நீ சின்னப் பெண், ஜாக்கிரதையாக இரு என்றாள். நான் நம்பினேன். அன்றைக்கே பாயை வாசல்படிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அம்மா கேட்டதற்கு உள்ளே வெக்கையாக இருக்கிறது என்றேன். சித்தி தண்ணீர் குடித்த டம்ளரை நான் எடுக்க நேர்ந்தால் சோப்பு போட்டு இரண்டு தரம் தேய்ப்பேன். ஒருநாள் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோது சித்தி பின்னால் நின்று பார்த்தாள்.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சித்தியை அம்மாதான் கூட்டிப் போயிருந்தாள். இது தொத்து இல்லை, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, நிறம் மட்டும்தான் போகிறது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். பல வருஷம் கழித்துத்தான் இது எனக்குத் தெரியவந்தது. அன்று அம்மா என்னை உட்காரவைத்து அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும். குழந்தைக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள். வீட்டில் சொல்லாததைக் குழாயடி சொல்லிக்கொடுத்துவிட்டது.

அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவர் மாமா. கம்மாபுரத்தில் இருந்தார். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு ஒரு வேன் வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் சொந்தத்தில் முதலில் செல்போன் வாங்கியவரும் அவர்தான். அதைச் சட்டைப் பைக்கு வெளியே தெரியும்படி வைத்துக்கொள்வார். சித்திரை பிறந்து ஒரு வாரத்தில், எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். சிதம்பரத்தில் ஒரு பையன், சொந்தமாக எலக்ட்ரிக்கல் கடை, அம்மாவும் பிள்ளையும் மட்டும்தான், நல்ல இடம். சித்தி அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டே மாமா சொன்னார்:

“மூஞ்சிக்கு ஏர்றதுக்குள்ள முடிச்சிடணும். ஏறிடிச்சின்னா அப்பறம் எவன் வருவான்?”

சித்தி ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “சொல்லிட்டே பண்ணலாமேண்ணா” என்றாள்.

“தாலி ஏறட்டும். அப்பறம் அவங்களே டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போவாங்க.”

அந்த விஷயத்தில் சித்தி பேசியது அந்த ஒரு தடவைதான். அம்மா இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, மாமாவுக்கு மோர் கொண்டுவர எழுந்து போனாள்.

மாமாவின் திட்டம் இதுதான். வீட்டுக்கு வந்து பெண் பார்த்தால் அக்கம்பக்கம் வாய் சும்மா இருக்காது. தவிர, வருகிற பெண்கள் உள்ளே வந்து கையைப் பிடிப்பார்கள், கன்னத்தைத் தொடுவார்கள். அதனால் வெளியே பார்ப்பது. நாங்கள் வீராணம் ஏரிக்கரைக்குப் பிக்னிக் போவது, அவர்களும் பிக்னிக் வருவது, தற்செயலாகப் பார்த்துக்கொண்ட மாதிரி ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது. பெண் பார்த்ததாகவும் ஆகாது, வேண்டாமென்றால் யாருக்கும் அவமானமும் இல்லை, டவுன்காரர்கள் இப்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். மறைக்க வேண்டியதை மறைக்க, மே மாதத்து உச்சி வெயிலில் திறந்த வெளியைத் தேர்ந்தெடுத்த புத்திசாலித்தனத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அடுத்த பதினைந்து நாளும் சித்தியைத் தயார் பண்ணினார்கள்.

கடைத்தெருவில் மாடியில் ஒரே அறையில் புதிதாக ஒரு பியூட்டி பார்லர் திறந்திருந்தார்கள். அம்மா சித்தியை அங்கே கூட்டிப் போனபோது நானும் போனேன். பிளீச் டப்பாவைத் திறந்ததும் கண்ணெரிந்தது. பார்லர் அக்கா சித்தியின் முகத்தில் அதைத் தடவி, மேலே முட்டை வெள்ளைக்கருவைப் பூசி உட்காரவைத்தாள். ஃபேன் காற்றுக்கு அது காய்ந்து இறுகியதும் சித்தியால் வாயைத் திறக்க முடியவில்லை. ஈ ஒன்று அவள் மூக்கு நுனியில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்தது. விரட்டக் கையைத் தூக்கினால் அந்தக் கையில் மெழுகு. சூடாக ஊற்றி, பழைய வேட்டித் துண்டை ஒட்டி, பட்டென்று இழுத்து முடியைப் பிடுங்கினார்கள். முடி ஒட்டிய அந்தத் துண்டுகள் குப்பைக் கூடையில் செத்த பூச்சிபோலக் கிடந்தன. என் காலடியில்தான் அந்தக் கூடை இருந்தது. வேறு பக்கம் பார்க்க முயன்று மறுபடி மறுபடி அதையே பார்த்தேன்.

பிறகு நிறம் கலந்தார்கள். நாடகக்காரர்கள் பூசிக்கொள்ளும் பசை மாதிரி ஒன்று, மூன்று டப்பா. ஒரு எவர்சில்வர் மூடியில் மூன்றிலும் கொஞ்சம் எடுத்துக் குழைத்து, சித்தியின் கழுத்தில் தடவிப் பார்த்தார்கள். முதலில் சாம்பலடித்தது. அடுத்து செங்கல் நிறம். மூன்றாவது தடவை ஏறக்குறையச் சித்தியின் நிறம் வந்துவிட்டது, ஆனால் ஓரம் திட்டாகத் தெரிந்தது. பார்லர் அக்கா இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த சித்தி அவளிடமிருந்து பஞ்சை வாங்கினாள். தேய்த்தால் வரம்பு நிற்கும், ஈரப் பஞ்சை வைத்து ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒற்ற வேண்டும் என்று சொல்லி, தானே ஒற்றிக் காட்டினாள். நாலு ஒற்றலில் வெள்ளை இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. அம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. சித்தி கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டெய்லரிடம் கழுத்தை மூடிய காலர் வைத்து, முழுக்கை ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார்கள். இந்த வெயிலில் இப்படியா என்று அவர் கேட்டதற்கு இப்போது இதுதான் பேஷன் என்றாள் அம்மா. மெரூன் நிறத்தில் ஜரிகைப் பூ வேலை செய்த நெட் புடவை. காலருக்கு மேலே கழுத்து கொஞ்சம் தெரியும் என்பதால் ஜடையை இடது தோளில் முன்னால் விட வேண்டும், அதற்கு முடி போதாது என்று ஒரு சவுரி வாங்கினார்கள். ஷாம்பு போட்டு அலசியும் யாருடைய தலையிலோ இருந்த எண்ணெய்ச் சிக்கு வாடை அதிலிருந்து போகவில்லை. கொடியில் துணியோடு துணியாக அது தொங்கியபோது நான் அந்தப் பக்கமே போகவில்லை.

எனக்கும் ஒரு வேஷம் வாங்கினார்கள். மிட்டாய் ரோஸ் நிறத்தில் காக்ரா சோளி, மேலெல்லாம் வட்டக் கண்ணாடி, சம்கி, பாவாடைக்கு உள்ளே விறைப்பாக நிற்க ஒரு வலைத்துணி. அந்த வலை தொடையை அறுக்கும். கண்ணாடி ஒட்டிய நூல் முதுகில் வேர்க்குருவைக் கீறும். அதே துணியில் குஞ்சம் தொங்கும் ஒரு சின்னப் பர்ஸ். அந்தப் பர்ஸ் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

பிக்னிக் அன்று விடிகாலையிலேயே அம்மா சமையலை முடித்துவிட்டாள். புளிசாதம், மசால்வடை, தயிர்சாதம். தயிர்சாதம் மத்தியானம் வரை புளிக்காமல் இருக்கப் பாலைக் காய்ச்சி ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைந்தாள். பார்லர் அக்கா மொபெட்டில் வந்து இறங்கினாள். பவுடர் பறக்கும், பூச்சு காய்ந்து வெடிக்கும் என்று ஃபேனை நிறுத்தச் சொன்னாள். ஜன்னலையும் சாத்தினார்கள், அக்கம்பக்கம் பார்க்கக் கூடாது என்று. அந்த அறையில் இரண்டு மணி நேரம். கழுத்து, புறங்கை, உதட்டோரம் மூன்றிலும் பூசி, மேலே பவுடர் போட்டு, அதற்கு மேல் கவரிங் நெக்லஸ், ஆரம், ஜிமிக்கி, வங்கி. சவுரி வைத்துப் பின்னிய ஜடையில் நாலு முழம் மல்லிகை. சித்தியின் மேலுதட்டில் வேர்வை அரும்பி நிற்கும், பார்லர் அக்கா பஞ்சால் ஒற்றுவாள், மறுபடி அரும்பும். இவ்வளவும் ஏரிக்கரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட.

எல்லாம் முடிந்த பிறகு பார்லர் அக்கா என்னைக் கூப்பிட்டாள். கலந்து வைத்த பசை டப்பாவையும் பஞ்சையும் என் பர்ஸுக்குள் வைத்தாள். அரைமணிக்கு ஒருதரம் சித்தியை மறைவாகக் கூட்டிப் போய் ஒற்றிவிட வேண்டும், தேய்க்கக் கூடாது என்றாள். சின்னப் பெண் கூடப் போனால் யாருக்கும் சந்தேகம் வராது என்றாள் அம்மா. என்னால் முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பஞ்சு சித்தியின் கழுத்திலிருந்து நேராக என் பர்ஸுக்குள் வந்திருந்தது. பர்ஸை உடம்பில் படாமல் இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

வேனில் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார் மாமா. தூசி பூச்சில் ஒட்டிவிடுமாம். அவர் வெள்ளைச் சட்டை முழுக்கச் சென்ட் அடித்திருந்தார். கம்மாபுரம் தாண்டும்போது கண்ணாடியை மீறிக் கரித்தூள் உள்ளே வந்து பல்லில் நெறுநெறுத்தது. சென்ட், டீசல், மல்லிகை, சவுரியின் சிக்கு வாடை, தூக்குச்சட்டியில் ஆடும் தயிர்சாதம். நான் ஒரு கவரில் வாந்தியெடுத்தேன். கொஞ்சம் பாவாடையில் பட்டுவிட்டது. அம்மா அதைத் துடைத்துவிட்டு, மாமாவிடம் சென்ட் பாட்டிலை வாங்கி அந்த இடத்தில் அடித்தாள். சித்தி என் முதுகைத் தடவக் கையை நீட்டினாள். பூச்சு போட்ட கை. நான் நகர்ந்துகொண்டேன்.

ஏரியில் தண்ணீர் உள்வாங்கியிருந்தது. கரையை ஒட்டிச் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, இடுக்கில் பொடி மீன்கள் செத்துக் கிடந்தன. நாற்றம் மேலே வரை வந்தது. அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து புளியமரத்தடியில் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பட்டுப் புடவையில். மாப்பிள்ளை கோட்டும் டையும் போட்டிருந்தார். அவர் நெற்றியிலிருந்தும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. கல்யாண மண்டபத்திலிருந்து யாரோ துரத்திவிட்ட கூட்டம் மாதிரி ஜமக்காளத்தில் உட்கார்ந்தோம். மாடு ஓட்டிக்கொண்டு போனவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வந்த விஷயத்தை யாரும் பேசவில்லை. ஏரிக்கு எப்போது தண்ணீர் வரும், விருத்தாசலத்திலிருந்து எந்தெந்த ஊருக்கு ரயில் இருக்கிறது, நான் என்ன படிக்கிறேன் என்று பேச்சு ஓடியது. சித்தி தலை குனிந்திருந்தாள். முதலில் கவனித்தது நான்தான். காதுக்குக் கீழே இருந்து டீ நிறத்தில் ஒரு சொட்டு இறங்கி, காலரில் ஊறியது. அதன் பின்னாலேயே இன்னொன்று. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா காதில் விழும்படி, பாப்பாவை ஒண்ணுக்குக் கூட்டிக்கினு போய்ட்டு வா என்று சித்தியிடம் சொன்னாள்.

கருவேலம் புதருக்குப் பின்னால் போனோம். சித்தி என் உயரத்துக்குக் குனிந்து ஜடையை ஒதுக்கினாள். கிட்டத்தில் பார்த்தேன். பூச்சு வேர்வையில் குழம்பி, பவுடர் அழுக்கு மாதிரித் திரண்டு, நடுவில் வெள்ளை கிழிந்து தெரிந்தது. சவுரி முடி இரண்டு அதில் ஒட்டியிருந்தது.

“சீக்கிரம் ஒத்துடி” என்றாள்.

டப்பாவைத் திறந்தேன். பசை உருகி எண்ணெய் தனியாக நின்றது. பஞ்சு காலையில் ஒற்றிய ஈரத்தோடு பிசுபிசுவென்று இருந்தது. அதில் என் விரல் பட்டது. கையை உதறிவிட்டு நான் மாட்டேன் என்றேன்.

“ஏன்?”

“ஒட்டிக்கும்.”

சித்தி ஜடையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். யார் சொன்னது என்றுகூடக் கேட்கவில்லை.

“அதான் தூரப் படுத்துக்கிறியா” என்றாள். கேள்வி மாதிரி இல்லை.

என் கையிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டு கரையிலிருந்து இறங்கினாள். அந்த நெட் புடவையோடு, செத்த மீன்களை மிதித்துக்கொண்டு, சேறு கணுக்கால் வரை ஏற, தண்ணீர் இருந்த இடம் வரை நடந்தாள். காலரைத் திறந்து கழுத்தைக் கழுவினாள். கையைக் கழுவினாள். வாயைக் கழுவிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மேலே ஏறி வந்து சவுரியை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, இருந்த முடியைத் தூக்கி உச்சியில் கொண்டையாக முடிந்தாள். அவள் கழுத்தை முழுதாக வெளியே காட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாங்கள் திரும்பியபோது இலை போட்டிருந்தார்கள். சித்தி நேராகப் போய் அம்மா கையிலிருந்த தயிர்சாதத் தூக்கை வாங்கினாள். அம்மா விடாமல் பிடித்திருந்தாள். சித்தி இழுத்து வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எதிரே குனிந்து வலது கையால் பரிமாறினாள். அந்த அம்மாள் கையைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். மாமா எங்கேயோ பார்த்துக்கொண்டு செல்போனைக் காதில் வைத்தார். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

“தயிர் சாதம் புளிச்சிப் போயிருக்குதே” என்றாள் அந்த அம்மாள். ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை. இலையை மடக்கி எடுத்துக்கொண்டு போய்ச் சேற்றில் கொட்டினாள்.

மாப்பிள்ளை மட்டும் சாப்பிட்டார். தலை நிமிராமல் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் என்று சித்தியிடம் கேட்டு இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டார். கர்ச்சீப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் அம்மாவுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டார். போய்ப் போன் பண்ணுகிறோம் என்றாள் அந்த அம்மாள். கார் போய்விட்டது. தூக்கிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சாதம் புளிக்கவில்லை.

அந்த மாப்பிள்ளையைப் பற்றி நான் ரொம்ப நாள் நல்லவிதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். காலேஜில் தோழிகளிடம்கூட அவர் சாப்பிட்டதை உயர்வாகச் சொல்லியிருக்கிறேன். அவருடைய அம்மாதான் கெடுத்தாள், அவர் நல்லவர் என்று. இப்போது அந்த மனிதர்மீதுதான் எனக்கு எல்லாரையும்விட அருவருப்பு. அவருடைய அம்மாவாவது தன் மனதில் இருந்ததைச் செய்தாள். இவருக்கு அது ஒட்டாது என்று தெரிந்திருக்கிறது. பயமும் இல்லை. அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிக்கொண்டார். பசித்தது, சாப்பிட்டார், அவ்வளவுதான்.

திரும்பும்போது மாமா சேத்தியாத்தோப்பில் வண்டியை நிறுத்தி, தான் மட்டும் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் சித்தியை அடிக்கக் கை ஓங்கினார். அம்மா நடுவில் புகுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். டப்பா உங்கிட்டதானே இருந்தது, ஏன் பூசவில்லை என்றார்.

“அவ போடத்தான் வந்தா. நான்தான் வாணாம்னு சொன்னன்” என்றாள் சித்தி.

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சொந்தக்காரர்கள் விசாரித்தபோது, பையனுக்குக் குடிப்பழக்கம் இருக்கிறது, நாங்கள்தான் வேண்டாமென்றுவிட்டோம் என்று மாமா சொன்னார். அம்மா அதற்கும் தலையாட்டினாள். காக்ராவை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பர்ஸ் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் தேடவும் இல்லை.

சித்தி அடுத்த நாளே கொண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வரும்போது கம்பெனியிலிருந்து ஒரு பீங்கான் கப் கொண்டுவந்தாள். சூளையில் வாய் கோணிப்போனதால் ஒதுக்கிப் போட்டது. அன்றிலிருந்து அதில்தான் தண்ணீர், அதில்தான் டீ. மற்ற டம்ளர்களைத் தொட மாட்டாள். தன் கப்பைத் தானே கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைப்பாள். பாயையும் தானே எதிர்ச் சுவரோரம் போட்டுக்கொண்டாள். அம்மா கேட்டதற்கு, அந்தக் கப் பிடித்திருக்கிறது என்றாள். யாருக்காக என்பது எனக்குத் தெரியும். ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒன்பதாவதில் எங்கள் சயின்ஸ் டீச்சர் தோலைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, இப்படி வெள்ளை விழுவது யாருக்கும் ஒட்டாது என்று போகிற போக்கில் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்ததும் ஜன்னலிலிருந்து அந்தக் கப்பை எடுத்து, சித்தி பார்க்கும்படி நின்று தண்ணீர் குடித்தேன். அழுகை வரும் என்றும், அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்றும் எதிர்பார்த்தேன். “கழுவி வை” என்றாள் சித்தி.

அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் மாப்பிள்ளை பார்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. வெள்ளை முகத்துக்கு ஏறியது, கைக்கு, காலுக்கு, எல்லா இடத்துக்கும் பரவியது. அவள் அந்தக் கம்பெனியிலேயே சூப்பர்வைசர் ஆனாள், பிறகு வேறு கம்பெனி. விருத்தாசலத்திலேயே தனி வீடு எடுத்துக்கொண்டு இருக்கிறாள். ஐம்பது தாண்டிவிட்டது.

போன தை மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. சித்தி இரண்டு நாள் முன்பே வந்துவிட்டாள். நானும் அவளும் மட்டும் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். கூடத்தில் என் மகளுக்கு எந்தப் பாவாடை என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அப்போது எடுத்தேன். சித்தி, அன்னைக்கு ஏரிக்கரையில நான் சொன்னது, என்று ஆரம்பித்தேன். எந்த ஏரி என்று அவள் கேட்கவில்லை. உரித்துக்கொண்டிருந்த பல்லை முடித்துத் தட்டில் போட்டாள்.

“மறந்துட்டன்னு சொன்னா நீ நிம்மதியாப் பூடுவ. மறக்கல. மாமன் சொன்னது, அந்தப் பொம்பள சேத்துல கொட்டுனது, எதுவும் எனக்கு ஒண்ணும் பண்ணல. நீ சொன்னதுதான் வலிச்சிது. உன்னத் தூக்கி வளத்தவ நானு.”

அப்போது சின்னப் பெண், எனக்கு என்ன தெரியும் என்று நான் முணுமுணுத்தேன்.

“அது எனக்குத் தெரியாதா? சின்னப் புள்ளன்னுதான் ஊருக்கெல்லாம் சொல்லுவன். உங்கிட்ட சொல்ல மாட்டன்” என்றாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள். “நேரமாவுது, உரி.”

நான் உரித்தேன். கண் கலங்கி வந்தது, அடக்கிக்கொண்டேன். அழுதால் அவள்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவளுக்கு வைக்க எனக்கு மனசில்லை.